முக்கூடலும் முந்நீரும்

கடற்கரைப் பட்டினம் ஒன்றைக் காணச் செல்வோர், வண்டியை விட்டு இறங்கியவுடன் அலையோரத்திற்கு விரைவதே வழக்கம். கொரிய நாட்டுப் பூசான் நகரமாயினும் சரி, நம் நாட்டு மாமல்லபுரமாயினும் சரி, நிகழ்ச்சி ஏறக்குறைய ஒன்றே. கடலைக் கண்டு களித்து, நிழற்படம் எடுத்து, வறுத்த மீனோ சுண்டலோ உண்டு, இருட்டுமுன் ஊர் திரும்புவர். இவ்வின்பத்தை யாம் குறைகூற வரவில்லை. ஆண்டு முழுதும் புத்தகத்தின்மேற் கவிந்திருக்கும் மாணவர்க்கு உப்புக்காற்று நல்ல மருந்தே. எனினும், பட்டினம் ஒன்று நிலைபெற வேண்டுமாயின் அதன் முதுகுப்புறத்தே விளைவும் தொழிலும் உடைய நாடு இருத்தல் வேண்டும். அந்நாட்டின் பொருள் கரைக்கு வந்து சேர ஆறோ நெறியோ இருத்தல் வேண்டும். அவை தளர்ந்தால், கடல் இருந்தபடியே இருக்கப் பட்டினம் சிற்றூராய் ஒடுங்கிவிடும். இதனை நூலிற் படிப்பதினும் நேரிற் சென்று அறிதல் நன்றென்று கருதி, யாம் மாணவர் சிலருடன் ஒரு சிறு பயணத்தை உள்நாட்டிலிருந்தே தொடங்கினோம். தொடங்கிய இடம் திருமுக்கூடல். முடித்த இடம் மாமல்லபுரம். இடையே சதுரங்கப்பட்டினமும் வாயலூரும். இரண்டு நாளிற் கண்டவற்றைப் பாடமாகத் தொகுத்து ஈண்டு எழுதுகின்றோம்.

திருமுக்கூடல் என்பது காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்குச் செல்லும் சாலையிலுள்ள பழைய சீவரத்திற்கு எதிரே, பாலாற்றின் தென்கரையில் அமைந்த சிற்றூர். பாலாறு, செய்யாறு, வேகவதி என்னும் மூன்று ஆறுகளும் கூடுமிடம் ஆதலின் இப்பெயர் பெற்றது. வேகவதி காஞ்சி மாநகரை ஒட்டி வருவது. செய்யாறு சவ்வாது மலையின் நீரைக் கொணர்வது. பாலாறோ கருநாடகத்து நந்திமலைப் பக்கத்திற் பிறந்து, ஆந்திர நாட்டின் ஒரு மூலையைத் தொட்டு, வேலூர் வழியாக வருவது; அதன் முழு நீளம் சுமார் 216 மைல். கரையில் நின்று பார்ப்பார்க்கு மூன்று நிறமான நீர் ஒன்றையொன்று தழுவும் காட்சி தோன்றுமென்று எதிர்பார்த்த மாணவர் சிலர் ஏமாந்தனர். யாம் சென்ற நாளிற் கண்டது அகன்ற மணற்பரப்பும், அதன் நடுவே நூல்போல் ஓடிய நீரும், நாணற்புதர்களும், மேய்ந்துகொண்டிருந்த எருமைகளுமே. தைத் திங்களில் மாட்டுப் பொங்கலை ஒட்டி நடைபெறும் பார்வேட்டை விழாவின்போது காஞ்சி வரதராசப் பெருமாள் பழைய சீவரத்து மலைக்கு எழுந்தருளி, பின்பு ஆற்றைக் கடந்து இவ்வூருக்கு வருவார். பழைய சீவரம், காவாந்தண்டலம், சாலவாக்கம் ஆகிய ஊர்ப் பெருமாள்களும் ஈங்கு வந்து கூடுவர். ஆறுகள் கூடாத ஆண்டிலும் தெய்வங்கள் கூடத் தவறுவதில்லை என்று எம்முடன் வந்த ஆசிரியர் ஒருவர் நகைச்சுவையாகக் கூறினார்.

இவ்வூர் வேங்கடேசப் பெருமாள் கோயிலின் சுவரில் வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உள்ளது. இப்பயணத்திற்கு வருவோர் வேறொன்றும் காணாவிடினும் இதனைக் காணவேண்டும் என்பது எம் கருத்து. கோயிலைச் சார்ந்து ஒரு கல்விச்சாலையும், மாணவர் உண்டு உறைதற்கு ஒரு விடுதியும், ஆதுலசாலை எனப்பட்ட ஒரு மருத்துவமனையும் சனநாத மண்டபத்தில் நடைபெற்றன என்றும், அவற்றிற்கு ஆகும் செலவு இன்னது என்றும் அது விரிவாகக் கணக்கிட்டுக் கூறுகின்றது. அண்மையிலுள்ள வயலைக்காவூர் என்னும் ஊரின் வரி இதற்கென விடப்பட்டது. வேதங்களையும் வடமொழி இலக்கணத்தையும் கற்பிப்போர்க்கு நாள்தோறும் அளக்கவேண்டிய நெல், மாணவரின் உணவு, அவர் சனிக்கிழமை தோறும் எண்ணெய் முழுகுதற்கு வேண்டிய எண்ணெய், இரவில் எரியும் விளக்கு என ஒன்றும் விடுபடவில்லை. எண்ணெய்க் கணக்கை வாசித்தபோது நம் விடுதி மாணவர் முகத்தில் தோன்றிய மலர்ச்சி சொல்லுந்தரத்ததன்று.

வீரசோழன் எனப் பெயரிய ஆதுலசாலையில் 15 படுக்கைகள் இருந்தன. ஆலப்பாக்கத்துக் கோதண்டராமன் அசுவத்தாமபட்டன் என்பான் மருத்துவன். அறுவைத் தொழில் செய்வான் ஒருவன், மூலிகை கொணர்ந்து, விறகிட்டு, மருந்து காய்ச்சுவார் இருவர், நோயாளரைப் பேணும் பெண்கள் இருவர், நாவிதன் ஒருவன், தண்ணீர் கொணர்வான் ஒருவன். ஓராண்டிற்குச் சேமித்து வைக்கவேண்டிய மருந்துகள் இருபது வகை அளவில் பெயர் சுட்டப்பட்டுள்ளன. கடுக்காயைக் கொண்டு செய்தவை சில, ஆமணக்கெண்ணெயிற் காய்ச்சியவை சில, வில்வம் சேர்ந்த நெய் ஒன்று, ஆண்டு பல கடந்த பழநெய் ஒன்று. தாவரநூல் பயிலும் மாணவர் ஒருவர் இப்பெயர்களைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, கோயிலைச் சுற்றி ஆமணக்கையும் வில்வத்தையும் உடனே கண்டுபிடித்துவிட்டார்.

இக்கல்வெட்டைப் பற்றிப் பேசுவோர், ஆயிரம் ஆண்டிற்கு முன்பே நம் நாட்டில் எல்லார்க்கும் இலவச மருத்துவம் நிலவியது என்று முழங்குவதுண்டு. கல்வெட்டு அங்ஙனம் கூறவில்லை. இம்மருத்துவமனை கல்விச்சாலை மாணவர்க்கும் கோயிற் பணியாளர்க்கும் உரியதாய் அமைந்தது; ஆற்றங்கரையில் ஏர் உழுதவனுக்கும் தறியில் அமர்ந்தவனுக்கும் ஆங்கு இடம் இருந்ததாக ஒரு சொல்லும் இல்லை. வயலைக்காவூர் உழவர் தந்த வரியே அப்படுக்கைகளைத் தாங்கிற்று என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்னரும், நோயாளி அறையில் இரவு முழுதும் ஒரு விளக்கு எரியவேண்டும் என்று கருதி அதற்கு எண்ணெய் ஒதுக்கிய உள்ளத்தை வியவாதிருத்தல் இயலாது.

இனி ஆற்றிற்கு வருவோம். இத்தனை நிலையங்களையும் ஒரு சிற்றூர் தாங்கியதற்குக் காரணம் நீரே. பாலாறு மேலே வறண்டு தோன்றும் நாளிலும் மணலின் அடியில் நீர் ஓடும். மணல் என்பது பயனற்ற புழுதியன்று. பஞ்சுபோல் நீரை ஏந்தி, வெயிலிற் போகாமற் காத்து, சிறிது சிறிதாகக் கசிய விடும் ஒரு மறைவான ஏரி அது. இதனை அறிந்த நம் முன்னோர் ஆற்றுமணலில் ஊற்றுக்கால் தோண்டி, நீரை வயலுக்கும் ஏரிக்கும் கொண்டுசென்றனர். அண்மைப் பல ஆண்டுகளாக இம்மணலை லாரி லாரியாக வாரிக் கட்டட வேலைக்குக் கொண்டுபோனதன் விளைவைக் கண்கூடாகக் காணலாம். ஆற்றுப்படுகை தாழ்ந்தது, ஊற்றுக்கால்களின் தலை மேலே நின்றுவிட்டது, கிணறுகள் ஆழத்தை நாடின. மேல்நாட்டில் நீரைத் தடுப்பதனாலும் வரவு குறைந்தது. 1892-ஆம் ஆண்டில் சென்னை அரசும் மைசூர் அரசும் செய்துகொண்ட உடன்படிக்கையில் பாலாறும் அடங்கும். உடன்படிக்கை எழுதி நூறாண்டு கடந்தும் வழக்கு ஓயவில்லை. ஆனால் ஆறு செத்துவிட்டது என்று கூறுவதும் பிழை. 2021 நவம்பரில் இருகரையும் நிரம்ப வெள்ளம் வந்து பாலங்களைக் குலைத்ததை இவ்வட்டாரத்தார் மறக்கவில்லை.

நீருக்கு அடுத்து இந்நாடு கடலுக்கு அளித்த பொருள் துணி. காஞ்சி என்றதும் பட்டு நினைவுக்கு வருதல் இயல்பு. உடல் ஒரு நிறமாகவும் இருபுறக் கரையும் வேறு நிறமாகவும் மூன்று நாடா கொண்டு கோத்து நெய்யும் கோர்வைச் சேலையைக் கண்டு மாணவர் நெடுநேரம் நின்றனர். நெய்பவருக்கு எதிர்ப்புறத்தே ஒரு துணையாள் அமர்ந்து மற்றைக் கரையின் நாடாவைத் தள்ளித் தரவேண்டும். பட்டுநூல் பெரும்பாலும் கருநாடகத்திலிருந்தும், சரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. ஆயினும் பழங்காலத்தில் இக்கரையிலிருந்து கப்பலேறியது பெரும்பாலும் பருத்தித் துணியே என்பதை இங்கு வற்புறுத்துதல் வேண்டும். ஒல்லாந்து வணிகர் இத்துணியைத் தம் நாட்டிற்குக் கொண்டுபோவதற்காக மட்டும் வாங்கவில்லை. கீழைத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் விற்போர் வெள்ளிக்காசினும் சோழமண்டலக் கரைத் துணியையே விரும்பினர். ஆதலின் துணியே அவர்க்கு நாணயமாயிற்று.

அத்துணி கரைக்கு வந்த முறை கவனிக்கத்தக்கது. கும்பினியார் நெசவாளரிடம் நேரே செல்வதில்லை. உள்ளூர் வணிகரிடம் முன்பணம் தருவர். அவர் அதனைச் சிற்றூர்தோறும் பிரித்து நெசவாளருக்குத் தருவர். நெசவாளர் அதைக்கொண்டு நூல் வாங்கி, குறித்த நீளமும் அகலமும் நெருக்கமும் உடைய துணியை நெய்து தரவேண்டும். அளவு குறைந்தால் துணி தள்ளப்படும். முன்பணமோ கடனாய் நிற்கும். பஞ்சம் வந்து அரிசி விலை ஏறினால் முன்பணம் வயிற்றுக்குப் போய்விடும், தறி வெறுமையாய் நிற்கும். முன்பணம் வாங்கியவன் வேறொருவனுக்கு நெய்தல் ஆகாது. இன்றும் காஞ்சியில் முதலாளியிடம் முன்பணம் பெற்றுத் தறியோடு கட்டுண்டு கிடக்கும் குடும்பங்கள் உள்ளன; கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றியும் அக்கட்டு முற்றும் அவிழவில்லை. பொருளாதாரம் பயிலும் மாணவர் கடனைப் பற்றி நூலில் ஓர் அதிகாரம் படிப்பதோடு, ஒரு தறிக்குழியின் ஓரத்தில் அரை மணி அமர்ந்திருப்பது நன்று.

திருமுக்கூடலிலிருந்து கடல் முப்பது மைலுக்கு மேல். செங்கல்பட்டைக் கடந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் சென்றோம். மலைமேல் உணவுண்ண வந்த கழுகுகள் இப்போது வருவதில்லை. படியேற நேரமும் இருக்கவில்லை. நண்பகலிற் சதுரங்கப்பட்டினம் சேர்ந்தோம்.

சதுரங்கப்பட்டினத்தை ஐரோப்பியர் சத்ராசு என்றனர். 17-ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் இங்கே பண்டகசாலை அமைத்தனர். பின்னர்க் கோட்டையும் எழுந்தது. செங்கல்லால் ஆகிய மதிலும், பண்டக அறைகளும், கல்லறைத் தோட்டமும் தொல்பொருள் துறையின் காவலில் உள்ளன. கல்லறைகளின்மேற் கிடக்கும் பலகைக் கற்களில் ஒல்லாந்து மொழி எழுத்துகளும் குலச்சின்னங்களும் நுணுக்கமாகச் செதுக்கப்பட்டுள்ளன. 1754 சனவரியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கருநாடகப் போரை முடிப்பதற்கு இவ்வூரிலேயே கூடிப் பேசினர். இரு சாராரும் தத்தமக்குரிய ஆவணங்களைக் காட்டி வழக்காடியதோடு பேச்சு முறிந்தது. 1782 பிப்ரவரி 17-ஆம் நாள் இக்கரைக்கு அப்பால் பிரெஞ்சுத் தளபதி சூப்ரானும் ஆங்கிலத் தளபதி ஹியூசும் கடற்போர் செய்தனர். வெற்றி எவர்க்கும் தெளிவாக வாய்க்கவில்லை. 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஒல்லாந்தர் இந்தியக் கரையில் தமக்கிருந்த இடங்களை எல்லாம் விட்டு நீங்க, சதுரங்கப்பட்டினமும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அவர்க்குச் சென்னைப் பட்டினம் இருக்க, இரண்டாவது துறை ஒன்றால் ஆவதென்ன? அலுவலகம் மூடப்பட்டது, முன்பணம் நின்றது, துணி வேறு வழி சென்றது. கடல் அன்றும் இன்றும் மதிலின் எதிரே முழங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு கப்பலும் நங்கூரம் இடுவதில்லை. கோட்டை வாயிலில் நின்ற மீனவர் ஒருவரை, “ஐயா, இங்கே முன்பு கப்பல் வந்ததாமே?” என்று மாணவர் வினவ, “எங்க பாட்டன் காலத்துக்கும் முன்னாலே தம்பி. இப்ப வர்றது எங்க படகுதான்” என்று அவர் விடை கூறினார்.

சதுரங்கப்பட்டினத்திற்குத் தெற்கே வாயலூர். பாலாறு கடலொடு கலக்கும் முகத்துவாரம் இதன் அருகே உள்ளது. இவ்வூர்ச் சிவன் கோயில் தூண் ஒன்றில் பல்லவன் இராசசிம்மன் (ஏறத்தாழ 700–728) தன் குலத்து முன்னோரின் பெயர் வரிசையைப் பொறித்துள்ளான். பல்லவர் வரலாறு எழுதுவோர்க்கு இது பெருந்துணை. இம்மன்னனே காஞ்சியிற் கைலாசநாதர் கோயிலையும் மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலையும் எடுத்தவன். வேகவதிக் கரையில் ஒன்று, பாலாற்று முகத்துவாரத்தில் ஒன்று, கடலோரத்தில் ஒன்று என மூன்றையும் நிலப்படத்திற் புள்ளியிட்டுக் காட்டியபோது, அரசன் தன் நாட்டைக் காஞ்சியிலிருந்து கடல்வரை ஒரே தொடராகக் கண்டிருக்கின்றான் என்பது மாணவர்க்கு விளங்கிற்று. அரசர் மனத்தில் இருந்ததை யாம் அறுதியிட்டுச் சொல்லவில்லை; புள்ளிகள் அங்ஙனம் விழுகின்றன என்று மட்டும் சொல்கின்றோம். வாயலூரில் ஆற்றின் குறுக்கே தடுப்பணை ஒன்று கட்டப்பட்டுள்ளது. நன்னீரைத் தேக்குதலும், உவர்நீர் நிலத்தினுள் ஏறாமல் தடுத்தலும் அதன் நோக்கம். அண்டையிலுள்ள கற்பாக்கம் அணுமின் நிலையம் 1984-இல் வாணிகமுறையில் மின்சாரம் தரத் தொடங்கியது. அவ்வட்டாரத்தின் நன்னீர்த் தேவைக்கும் பாலாற்று மணலின் அடிநீரே துணை. திருமுக்கூடலில் ஊற்றுக்காலுக்கு உதவிய அதே நீர் இது.

மறுநாட் காலை மாமல்லபுரம். பாலாறு இவ்வூரிற் கடலை அடையவில்லை. முகத்துவாரம் தெற்கே பல மைல் தொலைவில் உள்ளது. ஆனால் ஆற்றின் பெருங்காட்சி ஒன்று இங்கே கல்லில் உண்டு. ஏறத்தாழ 90 அடி நீளமும் 30 அடி உயரமும் உடைய பாறையில், நடுவே ஒரு பிளவும், அப்பிளவில் மேனோக்கி எழும் நாகர்களும், இருமருங்கும் அதனை நோக்கி விரையும் தேவரும் முனிவரும் யானைகளும் மான்களும் செதுக்கப்பட்டுள்ளன. ஒற்றைக்காலில் நின்று தவம் செய்பவன் அருச்சுனனா, பகீரதனா என்ற வழக்கு நெடுநாளாய் உண்டு. இது கங்கை மண்ணுக்கு வரும் காட்சியென்று 1914-இல் கோலுபேவ் என்னும் அறிஞர் வாதித்தார். பாறையின் மேற்புறத்தே நீர் தேக்கி அப்பிளவின் வழியே விழச்செய்ய ஏற்பாடு இருந்ததாக ஆராய்ச்சியாளர் கருதுவர். எவ்வழக்கு வென்றாலும், நடுப்பிளவை ஆறாகக் கொண்டு பார்த்தால் ஒவ்வோர் உருவமும் எதற்காக அப்பக்கம் திரும்பியிருக்கிறது என்பது தெளிவாகும். முதல் நாள் உலர்ந்த மணலில் நடந்துவந்த எம் மாணவர் இப்பாறையின் முன் நின்ற விதமே வேறு. தவப்பூனையையும் அதன் காலடி எலிகளையும் கண்டு சிரிப்பதோடு நில்லாமல், யானைக்கூட்டம் ஏன் நீர்த்துறையை நோக்கி வருகிறது என்று தாமே வினவிக்கொண்டனர்.

கடற்கரைக் கோயிலை உப்புக்காற்று நாள்தோறும் அரிக்கின்றது. சிலைகளின் மூக்கும் விரலும் மழுங்கி, நெடுநாள் சப்பிய கற்கண்டுபோல் ஆகிவிட்டன. அலையைத் தடுக்கப் பாறாங்கல் அணையும், காற்றைத் தடுக்கச் சவுக்குத் தோப்பும் வைத்துள்ளனர். 1984-இல் இவ்வூர்ச் சின்னங்கள் யுனெசுகோவின் உலக மரபுப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. 2004 திசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது கோயில் நிலைத்து நின்றது. மணல் விலகி, புதைந்து கிடந்த செதுக்குவேலைப் பாறைகள் சில வெளிப்பட்டன.

தொடக்கத்திற் பூசானைக் குறித்தோம். அந்நகரத்திற்கு வடக்கே அதே கரையில் உல்சானும், அதற்கு வடக்கே கியோங்ஜுவின் கடலோரமும் உள்ளன. கியோங்ஜு சில்லா அரசின் பழைய தலைநகர். காஞ்சியைப்போல் உள்நாட்டில் அமைந்தது. சில்லா மன்னன் முன்மு 681-இல் இறக்குமுன், தன்னைக் கீழைக்கடலில் அடக்குமாறும், தான் நாகமாகி நாட்டைக் காப்பதாகவும் கூறினான் என்பது அந்நாட்டு மரபு. கரைக்குச் சற்று அப்பால் அலைநடுவே உள்ள பாறையை அவன் கல்லறையென்று காட்டுவர். அவன் மகன் 682-இல் அதன் அண்மையில் காமுன்சா என்னும் பௌத்தக் கோயிலை முடித்தான். நாகம் உள்ளே வந்துபோக மண்டபத் தளத்தின்கீழ் இடம் விடப்பட்டது என்பர். இரண்டு கற்கோபுரங்கள் இன்றும் நிற்கின்றன. முன்முவின் காலம் மாமல்லன் நரசிம்மவர்மன் காலத்தை ஒட்டியது. ஒருவர் செயலை மற்றவர் அறிந்திருந்தனர் என்று சொல்லச் சான்றில்லை. ஆனால் கடல்வழி பிரிந்திருக்கவில்லை: இராசசிம்மன் 720-இற் சீனத்திற்குத் தூது விடுத்தான், அதே பத்தாண்டிற் சில்லா நாட்டுத் துறவி ஹியேச்சோ கடல்வழி இந்தியா வந்து, பல நாடுகளைச் சுற்றித் தம் பயணக்குறிப்பை எழுதினார். அக்குறிப்பின் ஏடு 1908-இல் சீனத்துத் துன்குவாங் குகையிற் கிடைத்தது.

இன்று கொரியர் நம் மாவட்டத்திற்கு வேறு தொழில்பற்றி வருகின்றனர். உல்சானிற் பெருந்தொழிற்சாலை உடைய ஹுண்டாய் நிறுவனம் 1996-இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தன் இந்திய நிறுவனத்தைத் தொடங்கி, 1998-இல் வண்டி விற்கலாயிற்று. உல்சானில் ஆலையின் பக்கத்திலேயே கப்பல் துறை. இங்கோ ஆலை உள்நாட்டில், துறை சென்னையில். வண்டிகள் சாலைவழி சென்று கப்பலேறுகின்றன. ஒரு காலத்திற் சிற்றூர்த் துணி மூட்டைகள் சதுரங்கப்பட்டினத்திற்குச் சென்றதும் இவ்வாறே. சாலை ஓரத்துக் கொரிய உணவுச்சாலைகளின் பெயர்ப்பலகையைக் கண்டு வியக்கும் மாணவர் இத்தொடர்பையும் எண்ணலாம்.

இப்பயணத்தை மேற்கொள்ள விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். மார்கழி, தை, மாசித் திங்கள்கள் ஏற்றவை. திருமுக்கூடற் கோயில் திறந்திருக்கும் நேரத்தை முன்னரே விசாரித்துக்கொள்ளவேண்டும். கல்வெட்டு எழுத்தைக் காலை வெயில் சாய்வாக விழும்போதே படிக்க முடியும். உச்சிவேளையில் எழுத்து கல்லோடு கல்லாய் மறைந்துவிடும். சுண்ணாம்போ மாவோ பூசிப் படித்தல் கூடாது. நேரம் மிகுந்தால், அண்மையிலுள்ள உத்தரமேரூர் சென்று பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகளையும் (919, 921) காணலாம். சதுரங்கப்பட்டினக் கோட்டையில் நிழல் குறைவு. தண்ணீரும் தலைக்குத் துணியும் கொண்டுசெல்க. கடற்கரைக் கோயிலுக்கு அருகே அலையின் இழுப்பு வலிது. நீந்தத் தெரிந்தவரும் இறங்கலாகாது.